தொலைந்த ஒன்பது கிலோ

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு அழைப்பு மணி அடித்தபோது, பேத்தியின் விழுந்த பல்லை யார் பத்திரமாக வைத்துக்கொள்வது என்று சம்பந்திகள் இருவரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் பெண்ணைப் பெற்றவர். முப்பத்துநான்கு வருடம் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து, ஊரில் உள்ள தராசுகளில் பாதிக்கு முத்திரை குத்தியவர். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் அவரைப் பார்த்தால் கடைக்காரர்கள் தராசுத் தட்டைத் துடைக்கிறார்கள். ஊர் அவரை இன்னும் ஆய்வாளர் என்றுதான் சொல்கிறது. மற்றவர் பிள்ளையைப் பெற்றவர். மருந்துக் கடை வைத்திருந்தவர். எள் என்றால் எண்ணெயாக நிற்பார். யாரும் எள் என்று சொல்லாதபோதும் நிற்பார் என்பதுதான் அவரிடம் உள்ள தொல்லை. ஆய்வாளரைத் தேடி ஒரு சிக்கல் வந்துவிட்டால் போதும், பழைய மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில் குறிப்பெடுக்க உட்கார்ந்துவிடுவார். அந்த வீட்டில் அவரை எல்லோரும், பேத்தி உட்பட, சம்பந்தி என்றே கூப்பிட்டார்கள்.

வாசலில் நின்றவர் பேத்தியின் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிற அம்மா. வயது நாற்பத்தைந்து இருக்கும். வாரத்தில் ஐந்து நாள் நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டாமல் ஊரைச் சுற்றுவார். சனி, ஞாயிறு வந்தால் ஊருக்கு வெளியே உள்ள கிளப் ஓடுதளத்தில் அதே கால்கள் வேறு விதமாக மிதிக்கும். அது பேத்திக்குத் தெரியும். பள்ளி நிர்வாகத்துக்கும் தெரியும். சம்பந்திக்குத் தெரியாது. தெரிந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, கவலையோடு வந்த அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

உட்கார்ந்ததும் அவர் சொன்னதன் சுருக்கம் இது. அவர் ஓட்டுவது கடையில் வாங்குகிற கார் அல்ல. பந்தயத்துக்கென்றே, இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து, மேலே மெல்லிய ஃபைபர் ஓடு போட்டு, முதுகுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்துக் கட்டிய கார். புரோட்டோடைப் என்பார்கள். கட்டியது அவருடைய தம்பி. கடைசல் பட்டறையில் வேலை. வேலை முடிந்து வந்து, வீட்டுக் கொட்டகையில் ஆறு வருடம் கட்டினார். அந்தப் பிரிவின் விதிப்படி காரில் இரண்டு பேருக்கு இடம் இருக்க வேண்டும், ஆனால் ஓட்டுவது ஒருவர்தான். பக்கத்து இடத்தில் ஈயம்தான் பயணம் செய்யும். ஏனென்றால் ஓட்டுநரோடு சேர்த்து வண்டி 580 கிலோவுக்குக் குறையக்கூடாது. தம்பியின் வண்டி அவ்வளவு லேசு. அதனால் இடது பக்கத் தரையில் தலா மூன்றரைக் கிலோ ஈயத் தகடுகளை போல்ட் போட்டு முடுக்கி எடையைச் சரிக்கட்டியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலப் பயிற்சி ஓட்டத்துக்குப் பிறகு எடை நிறுத்தபோது 582. சனிக்கிழமை மதியம் முதல் பந்தயத்தில் அவர் வென்றார். ஆறு வருட உழைப்புக்கு முதல் வெற்றி. பந்தயம் முடிந்து, வழக்கப்படி பெட்ரோலை வடித்துவிட்டு, அவர் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே நிறுத்தார்கள். 573. இறக்கி மறுபடி ஏற்றினார்கள். அதே 573. ஏழு கிலோ குறைவு என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, வெற்றியை ரத்து செய்தார்கள்.

“அதோட போயிருந்தா பரவாயில்லைங்க,” என்றார். “சாயங்காலம் என் தம்பி நேரா செயலாளர்கிட்ட போய், ‘நான்தான் ரெண்டு தகடு கழட்டினேன், அக்காவுக்குத் தெரியாது’ன்னு எழுதிக் குடுத்துட்டான். இன்னிக்கு பன்னெண்டு மணிக்கு விசாரணை. அவனை எந்தக் கிளப்புலயும் சேர்க்க மாட்டாங்க. ஆயுசுக்கும்.”

அப்படியானால் கேள்வி என்ன என்று ஆய்வாளர் கேட்டார்.

அந்த அம்மா வெள்ளிக்கிழமை நடந்த சண்டையைச் சொன்னார். 582 என்று பார்த்ததிலிருந்து தம்பி புலம்பினாராம்: இரண்டு கிலோவைச் சும்மா சுமக்கிறோம், ஒரு தகட்டை எடுத்து அரம் போட்டு இரண்டு கிலோவைக் குறைத்துவிட்டு மீண்டும் வைக்கிறேன் என்று. பயந்துகொண்டே தராசில் ஏற வேண்டாம், அது இருக்கட்டும் என்று இவர் மறுத்துவிட்டார். தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

“அவன் செஞ்சிருப்பானான்னு எனக்கே ஒரு நிமிஷம் தோணிடுச்சு. அந்த ஒரு நிமிஷம்தான் என்னைத் தூங்க விடல. அவன் செஞ்சானா இல்லையான்னு மட்டும் எனக்குத் தெரியணும். கப்பு போனா போகட்டும்.”

“நீங்க தராசுல உட்கார்ந்திருந்தப்ப என்னென்ன நடந்துச்சு, ஒண்ணு விடாம சொல்லுங்க,” என்றார் ஆய்வாளர்.

சொல்ல அதிகம் இல்லை. தலைக்கவசத்தோடு படுத்த மாதிரிதான் உட்கார முடியும். சக்கரத்தின் மேல்மூடி மறைப்பதால் வெளியே நிற்பவர்களின் தலை மட்டும்தான் தெரியும். எதிரே தொங்கிய பலகையில் எழுதியிருந்தபடி கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி லேசாக அசைந்து நின்றது. நிறுப்பவர் எண்ணைப் படித்தார். இரண்டாம் முறையும் அப்படியேதான். பிறகு இறங்கி, சீட்டில் கையெழுத்துப் போட்டார். ஓட்டுநர் கையெழுத்துப் போட்டுவிட்டால் மறு நிறுவை கிடையாது. வெளியே போய்ப் பாக்கெட்டில் எதையாவது போட்டுக்கொண்டு வரலாம் அல்லவா? அது கிளப்பின் பழைய விதி. கையில் வைத்திருந்த நிறுவைச் சீட்டின் நகலை ஆய்வாளரிடம் கொடுத்தார். முதல் நாள் சீட்டும் இருந்தது.

ஆய்வாளர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் படித்தார். சம்பந்தி அவற்றைத் தன் சீட்டின் பின்பக்கத்தில் பிரதி எடுத்தார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு தட்டு என்பதால் நான்கு எண்கள் இருந்தன.

வெள்ளி: முன் இடது 131, முன் வலது 136, பின் இடது 154, பின் வலது 161.

சனி: முன் இடது 122, முன் வலது 136, பின் இடது 154, பின் வலது 161.

“வண்டி நிக்குற இடத்தைப் பார்க்கலாமா?” என்று மட்டும் கேட்டு, ஆய்வாளர் செருப்பை மாட்டினார்.

ஒன்பது மணிக்கு ஓடுதளத்தில் இருந்தார்கள். தகரக் கொட்டகைகளும், டயர் அடுக்குகளும், காதைத் துளைக்கும் எஞ்சின்களும். மற்ற நாட்களில் வேறு வேலை பார்க்கிறவர்கள்தான் இங்கே எல்லாம். கொடி ஆட்டுகிறவர் தபால்காரர். செயலாளர் பல் டாக்டர். அவர் வாயைத் திறக்கச் சொன்னால் கிளப்பில் பாதிப் பேர் பழக்கதோஷத்தில் திறந்துவிடுவார்கள். தராசுக்குப் பொறுப்பு ரொட்டிக் கடைக்காரர். பருத்த, நல்ல மனிதர். நேற்று முதல் அவருக்கும் தூக்கமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

வழக்கமான எடைக் கொட்டகையின் ஷட்டர் சனிக்கிழமை காலையில் சிக்கிக்கொண்டதாம். அதனால் தராசுகளைக் கார் கழுவும் கொட்டகைக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே சுவரில் தண்ணீர்க் குழாய்கள், எதிர்க்கோடியில் இரும்புக் கம்பி மூடிய சாக்கடை, தரையில் காய்ந்த சோப்புக் கறை. நான்கு தட்டுகளும் சக்கரங்களின் இடத்தில் கிடந்தன. சக்கரம் ஏறி இறங்க வசதியாக ஒவ்வொரு தட்டுக்கும் முன்னும் பின்னும் அதே உயரத்தில் பலகைகள். பழைய கொட்டகையிலிருந்து கொண்டுவந்த அறிவிப்புப் பலகை குழாயில் தொங்கியது: பிரேக்கிலிருந்து காலை எடுக்கவும், கியர் நியூட்ரல். பக்கத்தில் கயிறு கட்டி, அந்த அம்மாவின் சிவப்புக் கார் நின்றது. அதன் உயரம் சம்பந்தியின் இடுப்பைக்கூடத் தொடவில்லை. இதையா ஆறு வருடம் கட்டினார்கள் என்று அவர் கேட்க வாயெடுத்து, ஆய்வாளரின் பார்வையைக் கண்டு மூடிக்கொண்டார்.

ஆய்வாளர் முதலில் தராசைத்தான் சந்தேகித்தார். ரொட்டிக் கடைக்காரர் தினமும் காலையில் தன் கடையின் இருபது கிலோ எடைக்கற்களை ஒவ்வொரு தட்டிலும் வைத்துச் சோதிப்பது வழக்கம். இப்போதும் வைத்துக் காட்டினார். நான்கு தட்டும் நூல் பிசகாமல் இருபது காட்டின. ஆய்வாளர் ஒரு கல்லைப் புரட்டி அடியில் இருந்த முத்திரையைப் பார்த்தார். அது அவரே பதினோரு வருடம் முன்பு குத்தியது. தன் கையெழுத்தையே சந்தேகிக்க முடியாது என்று கல்லை மெதுவாக வைத்தார்.

அதற்குள் சம்பந்தி குற்றவாளியைப் பிடித்துவிட்டார். நேற்று இரண்டாவதாக வந்தவர் கண்ணாடிக் கடைக்காரர். முதலில் வந்தவர் போனால் கப்பு யாருக்கு? அவருக்கு. இதைவிட என்ன வேண்டும் என்றார். பதற்றத்தில் பையிலிருந்து பெப்பர்மின்ட் டப்பாவை எடுக்கப்போக, அந்த வட்ட டப்பா நழுவி விழுந்து, விளிம்பில் நின்று, கடகடவென்று உருண்டு போய்ச் சாக்கடைக் கம்பியில் முட்டியது. அதைத் துரத்திக்கொண்டு ஓடியவர் நிமிர்ந்தபோது கதவு காற்றில் வந்து முதுகில் இடித்தது. மேஜைக்கு அடியில் கிடந்த ஒரு மரக்கட்டையை இழுத்துக் கதவுக்கு அண்டக் கொடுத்தார். பிறகு தன் கைகளைப் பார்த்து முகம் சுளித்தார். ஒரு கையில் கறுப்பு, மறு கையில் வெள்ளை.

ஆய்வாளர் கைக்குட்டையை நீட்டினார். ஆனால் உடனே கொடுத்துவிடவில்லை. கொஞ்ச நேரம் சம்பந்தியின் உள்ளங்கைகளைக் கைரேகை பார்ப்பவர்போலப் பார்த்தார்.

“டப்பாவை எடுத்தாச்சா?” என்றார்.

“எடுத்துட்டேன் சம்பந்தி. அடிபடல.”

“பத்திரமா வெச்சுக்குங்க. உங்களால இன்னிக்கு ஒரு குடும்பம் பிழைக்கப்போகுது.”

சம்பந்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் குறித்துக்கொண்டார்.

கண்ணாடிக் கடைக்காரரிடம் ஆய்வாளர் கேட்டது ஒரே கேள்விதான்: நேற்று தராசில் இருந்தபோது உங்கள் கால் எங்கே இருந்தது? அவர் சிரித்துவிட்டார். வேறெங்கே, பிரேக்கில்தான், எல்லோரும் அப்படித்தான், அந்தப் பலகையை யார் படிக்கிறார்கள் என்றார். இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் நடந்தோம் என்று சம்பந்திக்கு எரிச்சல் வந்தது. அந்த மனிதர் முகத்தில் குற்றம் எழுதி ஒட்டியிருப்பது அவர் கண்ணுக்கு அத்தனை தெளிவாகத் தெரிந்தது.

தம்பியைக் கண்டுபிடிக்கத்தான் நேரமாயிற்று. டயர் அடுக்குக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். முப்பத்தெட்டு வயது, மெலிந்த உடம்பு, விரல் நுனிகளில் போகாத எண்ணெய்க் கறுப்பு. எவ்வளவு எடுத்தீர்கள் என்று ஆய்வாளர் கேட்டதற்கு, இரண்டு தகடு, மொத்தம் ஏழு கிலோ என்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார். எங்கே வைத்தீர்கள் என்றதற்கு, தூக்கி எறிந்துவிட்டேன் என்றார். எங்கே என்றதற்கு, நினைவில்லை என்றார். காரில் முதலில் எத்தனை தகடு இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மொத்த எடைதானே கணக்கு? அதனால் அவர் சொல்வதைப் பொய் என்று காட்டவும் வழியில்லை. போகும்போது ஆய்வாளர் நின்று, சனிக்கிழமை காலையில் உங்கள் அக்காவைக் காரின் பக்கத்தில் பார்த்தீர்களா என்று கேட்டார். தம்பி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு எல்லோரையும் கார் கழுவும் கொட்டகைக்கே வரச் சொல்லி ஆய்வாளர் கேட்டுக்கொண்டார். பல் டாக்டர் முதலில் தயங்கினார். விசாரணை என்றால் அலுவலக அறையில்தான் வழக்கம். ஆனால் எடை அளவுத் துறைக்காரர் ஒருவர் தராசின் பக்கத்தில் நின்று பேசுகிறேன் என்கிறபோது மறுப்பது அவருக்கு நன்றாகப் படவில்லை. செயலாளர், ரொட்டிக் கடைக்காரர், கண்ணாடிக் கடைக்காரர், அக்கா, தம்பி எல்லோரும் நின்றார்கள். அக்காவும் தம்பியும் கொட்டகையின் இரண்டு கோடியில் நின்றார்கள். மூன்று மணிக்கு இறுதிப் பந்தயம்.

ஆய்வாளர் தொண்டையைக் கனைக்கக்கூட இல்லை. கடைக்காரரிடம் கணக்குக் கேட்கும் அதே குரலில் தொடங்கினார்.

“முதல்ல தம்பியோட கடிதத்தைப் பார்ப்போம். ஏழு கிலோ எடுத்தேன்னு எழுதியிருக்கார். ஆனா வெள்ளிக்கிழமை வண்டி 580 இல்ல, 582. அது 573 ஆகணும்னா ஒன்பது கிலோ போகணும். ஏழு எடுத்திருந்தா 575 வந்திருக்கும். மூணரைக் கிலோ தகட்டை முழுசு முழுசா கழட்டி ஒன்பது கிலோ எடுக்கவும் முடியாது. நிஜமா எடுத்தவன் 582-லேர்ந்து கணக்குப் போடுவான். இவர் ஒலிபெருக்கியில கேட்டதை வெச்சு, 580-லேர்ந்து போட்டிருக்கார்.”

தம்பி தலையைத் தூக்கினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுவதும் அந்த இரண்டு கிலோவைப் பற்றியே புலம்பியவர், அக்காவுக்கு ஆபத்து என்றதும் அதை அடியோடு மறந்துபோயிருந்தார்.

“ரெண்டாவது,” என்று ஆய்வாளர் சீட்டுகளை எடுத்தார். “ஈயம் பக்கத்து இடத்துல, தரையோட இருக்கு. அதுல கொஞ்சம் எடுத்தா, நாலு சக்கரமும் ஆளுக்குக் கொஞ்சம் இளைக்கணும். இடது பக்கம் ரெண்டும் நல்லாவே இளைக்கணும். இங்க பாருங்க. மூணு சக்கரம் ஒரு கிலோகூட அசையல. ஒன்பதும் முன் இடது சக்கரம் ஒண்ணுலயே போயிருக்கு. வண்டியில எந்த இடத்துலேர்ந்து எதைக் கழட்டினாலும் அப்படி வராது. அதனால வண்டியிலேர்ந்து யாரும் எதையும் எடுக்கல. தம்பியும் எடுக்கல, அக்காவும் எடுக்கல.”

“அப்போ தராசு தப்பா?” என்று பல் டாக்டர் கேட்டார்.

“தராசு சரி. காலையில பார்த்தேன். தராசு பொய் சொல்லல. அதுகிட்ட முழு வண்டியையும் யாரும் காட்டல.”

பிறகு அவர் சம்பந்தியைப் பார்த்தார். தனக்கு ஒரு வேலை வந்துவிட்டது என்று சம்பந்தியின் நெஞ்சு நிமிர்ந்தது. அந்த டப்பாவை இன்னொரு முறை கீழே விடச் சொன்னார். சம்பந்தி விட்டார். கூட்டம் ஒதுங்கி வழிவிட, டப்பா உருண்டு போய்ச் சாக்கடைக் கம்பியில் முட்டி நின்றது.

“இது கார் கழுவுற கொட்டகை. தண்ணி ஓடணும்னு சரிவாவே தரை போட்டிருக்காங்க. கண்ணுக்குத் தெரியாத சரிவு, ஆனா சக்கரத்துக்குத் தெரியும். பழைய கொட்டகையில தரை மட்டம். அங்க பிரேக்கை விட்டாலும் வண்டி நிக்கும். இங்க விட்டா முன்னாடி உருளும். நேத்து நிறுத்த வண்டிகள்ல, பலகையில எழுதினபடி பிரேக்கை விட்டது இந்த அம்மா ஒருத்தர்தான். மத்தவங்க கால் பிரேக்கிலேயே இருந்துச்சு, அதனால அவங்க எடை சரியா வந்துச்சு. இவங்க விட்டாங்க. வண்டி அசைஞ்சுது, உடனே நின்னுச்சு. நிறுத்தினது யாரு?”

கதவுக்கு அண்டக் கொடுத்திருந்த மரக்கட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். சரிவான முகத்தில் புது டயர் ரப்பரின் கறுப்பு. மறுபக்கத்தில் வெள்ளை மாவு.

ரொட்டிக் கடைக்காரர் அதைப் பார்த்த மாத்திரத்தில் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அது அவருடைய டெலிவரி வேனுக்குப் போடும் கட்டை. மாவு மூட்டைகளோடு கிடப்பது.

“நான்தாங்க,” என்றார். குரல் உடைந்தது. “வண்டி உருளுதேன்னு காலால தள்ளி சக்கரத்துக்கு அடியில குடுத்தேன். உதவின்னு நெனச்சுத்தான். ரெண்டாவது தடவையும் குடுத்தேன். அதுக்கும் எடைக்கும் என்னன்னு எனக்குத் தோணவே இல்ல.”

“உங்களுக்கு மட்டும் இல்ல, நூறு பேர்ல தொண்ணூறு பேருக்குத் தோணாது,” என்றார் ஆய்வாளர். “தட்டு சக்கரத்தளவுதான். கட்டை தட்டுமேல விழல, முன்னாடி இருக்கிற பலகைமேல விழுந்திருக்கு. பலகையில புதுத் தழும்பு இருக்கு, பாருங்க. உருள வந்த வண்டி அதுமேல சாஞ்சுது. சாஞ்ச அளவுக்கு எடையைக் கட்டை வாங்கிக்கிச்சு. அது தராசுக்கு வராம தரைக்குப் போயிடுச்சு. தொலைஞ்ச ஒன்பது கிலோ அங்கதான் இருக்கு.”

கண்ணாடிக் கடைக்காரர்தான் முதலில் பேசினார். கையெழுத்துப் போட்டாச்சு, மறு நிறுவை இல்லை என்று விதி இருக்கலாம், ஆனால் இந்தக் கப்பை வீட்டில் வைத்தால் தன் மனைவியே தன்னை மதிக்கமாட்டாள் என்றார். இப்போதே நிறுக்கச் சொன்னார். அத்தனை நேரம் அவரைக் குற்றவாளியாகவே எழுதிக்கொண்டிருந்த சம்பந்தி, சீட்டைச் சத்தமில்லாமல் மடித்துப் பைக்குள் வைத்தார். பல் டாக்டர் யோசித்தார். நிறுத்த முறையே தவறென்றால் அது நிறுவையே அல்ல, அப்போது மறு நிறுவை என்ற கேள்வியும் எழாது என்று தீர்ப்புச் சொன்னார்.

கயிற்றை அவிழ்த்தார்கள். அந்த அம்மா நேற்றுப் போட்டிருந்த உடையோடும் தலைக்கவசத்தோடும் காருக்குள் இறங்கினார். முதலில் நேற்று நடந்தபடியே: பிரேக்கை விட, ரொட்டிக் கடைக்காரர் காலால் கட்டையைத் தள்ள, எண் வந்தது. 573. அடுத்து, காலைப் பிரேக்கில் வைக்கச் சொல்லிவிட்டு, ஆய்வாளர் குனிந்து கட்டையைத் தானே உருவினார். முன் இடது தட்டின் எண் நகர்ந்து 131-ல் நின்றது. பல் டாக்டர் நான்கையும் இரண்டு தடவை கூட்டினார்.

582.

தபால்காரர் கையிலிருந்த கொடியை அங்கேயே ஆட்டினார். பல் டாக்டர் தம்பியின் கடிதத்தை எடுத்து, நான்காகக் கிழித்து, தன் வெள்ளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். ரொட்டிக் கடைக்காரர் அழுதுவிட்டார். சம்பந்தி அவருக்கு ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தார்.

அக்கா காரிலிருந்து இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றினார். நேராகத் தம்பியிடம் போனார்.

“ஏன்டா அப்படி எழுதிக் குடுத்தே?”

தம்பி மெதுவாகச் சொன்னார். “சனிக்கிழமை காலையில நீ தனியா ஸ்பானரோட வண்டிக்குள்ள குனிஞ்சிருந்தே. நான் புலம்பினேன்னு, எனக்காக நீயே கழட்டிட்டியோன்னு நெனச்சேன். உனக்கு அது பழக்கமில்லாத வேலை. ரெண்டு கிலோன்னு எடுக்கப்போய் அதிகமா எடுத்துட்டேன்னு.”

“பெடலை ஒரு துளை தள்ளி வெச்சேன்டா. முட்டி வலிச்சுது.” அவர் கண் கலங்கியது. “நானும் ஒரு நிமிஷம் உன்னைத்தான் நெனச்சேன். அதை உன்கிட்ட மறைக்க மாட்டேன்.”

“ஒரு நிமிஷம்தானே,” என்றார் தம்பி. “நான் ராத்திரி முழுக்க நெனச்சேன்.”

இருவரும் சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்று பார்ப்பவர்களுக்குப் பிடிபடவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சம்பந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆய்வாளரிடம் சொன்னார். சதை ஆடியதில் கணக்கு தப்பியது, கணக்கு தப்பியதால்தான் உண்மை தெரிந்தது என்றார் ஆய்வாளர். அதையும் குறித்துக்கொள்ளவா என்று சம்பந்தி கேட்டார். வேண்டாம் என்றார்.

மூன்று மணிப் பந்தயத்தைச் சம்பந்திகள் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து பார்த்தார்கள். பேத்தியும் வந்துவிட்டாள். கண்ணாடிக் கடைக்காரரின் நீலக் காரும் அந்தச் சிவப்புக் காரும் பன்னிரண்டு சுற்றும் ஒட்டிப் பிறந்தவைபோல ஓடின. கடைசி வளைவில் நீலம் உள்பக்கம் நுழைந்து, ஒரு வண்டி நீளத்தில் முந்தியது. சம்பந்தி தலையில் கை வைத்துக்கொண்டார். பேத்தி மட்டும், எங்கள் பஸ் அத்தை இதைவிட வேகமாகப் போவார், இன்றைக்கு மனம் சரியில்லை போலிருக்கிறது என்று தீர்மானமாகச் சொன்னாள். ஆனால் காரை விட்டு இறங்கிய அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தால் மனம் சரியில்லாதவர்போல் இல்லை. தம்பி அவருடைய கழுத்துப் பட்டையை அவிழ்த்துவிட்டபோது இருவரும் ஒரே நேரத்தில் அந்த வளைவைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

எடைக் கொட்டகையின் ஷட்டரை யாரோ மதியமே சரிசெய்திருந்தார்கள். மட்டமான தரையில் தட்டுகள் கிடந்தன. ரொட்டிக் கடைக்காரர் தன் கட்டையை வேனிலேயே வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைச் செயலாளரிடம் கொடுத்திருந்தார். பெட்ரோலை வடித்தார்கள். அந்த அம்மா பலகையைப் பார்த்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, காலை எடுத்தார். வண்டி அசையவில்லை. எண்ணைப் படிக்கும்போது ரொட்டிக் கடைக்காரரின் குரல் மறுபடி கணீரென்று இருந்தது.

582.

தம்பி பழக்கத்தில் உச்சுக் கொட்டினார். “பார்த்தியா, இப்பவும் ரெண்டு கிலோ அதிகம். அது மட்டும் இல்லாம இருந்திருந்தா அந்தக் கடைசி வளைவுல நாமதான் முன்னாடி. அடுத்த பந்தயத்துக்கு முன்னாடி அரம் போட்டுடறேன்க்கா.”

அக்கா காருக்குள் இருந்தபடியே, பக்கத்து இடத்துத் தரையில் போல்ட் போட்டிருந்த ஈயத் தகடுகள்மேல் கையை வைத்தார்.

“இருக்கட்டும்டா,” என்றார். “நீ செய்யலன்னு எனக்குச் சொன்னதே அந்த ரெண்டு கிலோதான்.”